அலசிய கையும் பின்னிய கையும்

போன வாரம் உங்கள் பார்லருக்குச் சும்மா எட்டிப் பார்க்க வந்தேன். ஒரு கல்யாணப் பெண்ணை நாற்காலியில் சாய்த்து, தலையைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, நீங்கள் இரண்டு பேர் குழாயைத் திறந்துவிட்டு ஷாம்புவை ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். ஊற்றி முடிக்கும் முன்பே இன்னொருத்தி பூச்சடையைக் கையில் வைத்துக்கொண்டு "ஆச்சா, ஆச்சா" என்று நின்றாள். எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண்ணின் தலையில் என்ன இருக்கிறது என்று ஒருத்தியாவது விரலால் தடவிப் பார்த்தீர்களா? வாயைத் திறந்தால் 'கிழவிக்கு வேற வேலை இல்ல' என்பீர்கள் என்று, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறேன்? என் வீட்டில் எதிரே இருப்பது சுவர்தான். அதற்குத் தலையும் இல்லை, முடியும் இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன். கோபம் வந்தால் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

சீயக்காயை எப்படி அரைப்பது, வடித்த கஞ்சியில் எப்படிக் கரைப்பது என்பதெல்லாம் இதில் வராது. போனைத் தட்டினாலே அது சொல்கிறதாமே, கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தலை உங்கள் கையில் இருக்கும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு பண்ணவேண்டிய நேரம் ஒன்று வரும். அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பக்கத்தில் பத்துப் பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் அந்த நேரத்தில் நீங்கள் தனிதான்.

எங்கள் காலத்தில் கல்யாணத் தலைக்கு இரண்டு பேர். அலசுவதற்கு ஒருத்தி, பின்னுவதற்கு ஒருத்தி. பூச்சடை லேசானதில்லை. சவுரிமுடி, குஞ்சலம், வாழைநாரில் தைத்த பூ எல்லாம் சேர்ந்து ஒரு கைக்குழந்தையின் கனம் இருக்கும். வருஷக்கணக்கில் ஊறின எண்ணெய்ப் பிசுக்கு அடியில் இருந்தால் சடை நிற்காது. மணவறையில் பெண் குனிந்து நிமிர்வதற்குள் நழுவி முதுகில் தொங்கும். அதற்காக ஒரேயடியாக அலசி வழவழவென்று ஆக்கிவிட்டாலும் நிற்காது. முடியில் கொஞ்சம் சொரசொரப்பு மிச்சம் இருக்கவேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

நான் அலசுகிறவள். ஏன் பின்னுகிறவளாகவில்லை என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். எனக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் அவர் காமாலையில் போய்விட்டார். தாலி அறுத்தவள் கல்யாணப் பெண்ணுக்குச் சடை பின்னக்கூடாது, பூ வைக்கக்கூடாது. அழுக்கெடுக்கலாம். அது கொல்லையில் கிணற்றடியில் நடக்கிற வேலை, பாத்திரம் தேய்ப்பது மாதிரி. அதற்கு யார் கை என்று எவரும் பார்ப்பதில்லை.

கும்பகோணத்தில் பூச்சடைக்குப் பேர்போன அம்மாள் ஒருத்தி இருந்தாள். பேர் வேண்டாம், அவள் வீட்டு ஆட்கள் இப்போதும் ஊரில் இருக்கிறார்கள். அவள்தான் என்னைச் சேர்த்துக்கொண்டாள். "நீ அலசு, நான் பின்றேன். முதநாளே போய் முடிச்சிட்டு வந்துடு. என் கண்ணுலயும் படவேணாம், பொண்ணு வீட்டுக்காரங்க கண்ணுலயும் படவேணாம்," என்றாள். கொடுமைக்காரி இல்லை. எனக்குச் சோறு கிடைக்க அவளுக்குத் தெரிந்த வழி அது. நானும் அப்படியே செய்தேன். கொல்லை வழியாகப் போவேன், கொல்லை வழியாக வருவேன். மறுநாள் முகூர்த்தம் என்றால் எங்கள் தெருவே காலியாகிவிடும். எல்லாரும் பட்டுப்புடவை சரசரக்கக் கிளம்பிப் போவார்கள். நான் ஒற்றைக்குப் பொங்கின சோற்றை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பேன். எத்தனையோ தலைகளை அலசினேன். அவற்றின் மேல் ஏறின சடை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அழுகை வரும், சும்மா சொல்லக்கூடாது. அழுதுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைப்பேன்.

இனி வசந்தாவின் கதைக்கு வருகிறேன்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு ஊர். தை மாதம், அறுவடை நேரம். ஐயரில்லாமல் செய்கிற கல்யாணமும் சட்டப்படி செல்லும் என்று ஆகிச் சில வருஷம் ஆகியிருந்தது. புது ஆட்சியின் கொடி ஊருக்கு ஊர் பறந்தது. ஆனால் களத்தில் கூலி நெல் அளக்கிற மரக்கால் மட்டும் மாறவில்லை என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் சொல்வார்கள். அந்தத் தையில் கூலி கூட்டிக் கொடுக்காமல் அறுக்க மாட்டோம் என்று அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுப்போம் என்று மிராசுதார்கள் சொன்னார்கள். கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது.

வசந்தா கூலிக்காரத் தெருப் பெண். வயலைத் தாண்டி ஒதுங்கி இருந்த தெரு அது. அப்பா இல்லை, அம்மா அஞ்சலை மட்டும்தான். மாப்பிள்ளை கோவிந்தராசு பக்கத்து ஊரில் சங்கச் செயலாளர். மிராசுதார் வீட்டுக் களத்தில் நடந்த தகராறில் அவன் மேல் கேஸ் இருந்தது. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ராகு காலத்தில். வேண்டுமென்றேதான் அந்த நேரம். மெயின் ரோட்டோரம் பந்தல். கறுப்புச் சட்டைப் பெரியவர் ஒருவர் தலைமை.

அந்தப் பந்தலுக்குப் போக மிராசுதார் தெரு வழியாகத்தான் நடக்கவேண்டும். கூலிக்காரத் தெரு ஆட்கள் அங்கே செருப்புப் போட்டு நடக்கவே அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். அந்தத் தெருப் பெண் ஒருத்தி பெரிய வீட்டுப் பெண்கள் வைக்கிற பூச்சடையோடு அங்கே நடப்பாள் என்று யாரும் நினைத்தே பார்த்ததில்லை. வைக்கக்கூடாது என்று வாய் திறந்து சொல்லவேண்டிய அவசியம்கூட அதுவரை வந்ததில்லை.

சாயங்காலக் கல்யாணம் என்பதால் இந்தத் தடவை மட்டும் முதல் நாள் போகாமல், கல்யாணத்தன்று காலையில் சவுரிப் பெட்டியோடு போய் இறங்கினேன். பின்னுகிற அம்மாள் மதியம் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. வசந்தா கொல்லையில் ஒரு மனைக்கட்டையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எடுத்த எடுப்பில் சொன்னாள்.

"எனக்கு நகை நட்டு ஒண்ணும் வேணாம்க்கா. இந்தச் சடை போதும். அந்தத் தெருவுல இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் நடந்துடணும். நடுவுல சரிஞ்சு விழுந்துச்சுன்னா அவ்வளவுதான், ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுங்க."

சரி என்று தலையைத் தொட்டேன். அடக் கண்றாவியே! விரல் உள்ளே போகவில்லை, ஒட்டிக்கொண்டது.

நலங்கு கிலங்கு எதுவும் கிடையாது என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டிருந்தார்கள். தெருப் பெண்கள் கேட்பார்களா? முதல் நாள் சாயங்காலம் கூடி நின்று ஆளுக்கொரு கை எண்ணெய் வைத்துவிட்டார்கள். பெரிய வீட்டுப் பெண் மாதிரி மினுமினுவென்று இருக்கவேண்டும் என்று ஆசை ஆசையாக விளக்கெண்ணெய்! அது பிசுபிசுப்பதைக் காலையில் பார்த்துப் பயந்துபோய், அடிபம்பின் உப்புத்தண்ணீரைச் சுடவைத்து, துணிச்சோப்பைப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். எண்ணெய், சோப்பு, உப்புத்தண்ணீர் மூன்றும் சேர்ந்து, ஏற்கெனவே இருந்த வயல் தூசியோடு குழைந்து, தலை முழுக்கப் பசை.

"நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சோம்," என்றாள் அஞ்சலை. அவள் முகம் செத்துப்போயிருந்தது.

"நல்லதுதான் செஞ்சிருக்கீங்க. இனிமே யாரும் ஒண்ணும் செய்யாம இருங்க, அது போதும்," என்றேன். அப்போது எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி காகிதப் பொட்டலத்தில் சலவைச் சோடாவைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதப் போடுங்க. ஒரே தேய்ல எல்லாம் போயிடும்." உண்மைதான், போயிருக்கும். மதியத்துக்குள் தலை காயவேண்டும். நேரம் இல்லை. எனக்கும் ஒரு கணம் கை அந்தப் பொட்டலத்தின் பக்கம் போனது.

அதற்கு முன்னால் விரலால் தடவிப் பார்த்தேன். பிள்ளைகளே, இதற்காகத்தான் போன வாரம் எனக்கு வயிறு எரிந்தது. உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் தடித்துக் கிடந்தது. முடி குட்டை குட்டையாக ஒடிந்திருந்தது. மேலே கறுப்பாக அப்பியிருந்தது. பார்த்தால் யாரும் அழுக்கு என்றுதான் சொல்வார்கள். அது கதிர்க்கட்டுச் சுமக்கிறவர்கள் சும்மாடு வைக்கிற இடம். சின்ன வயசிலிருந்து கட்டு ஏறி ஏறிக் காய்த்துப்போயிருக்கிறது. விளிம்பில் வெடிப்பு. அறுவடை நின்று போனதால் கட்டுத் தூக்கவில்லை, அதனால் அப்போதுதான் புண் மூடிப் பக்குக் கட்டியிருந்தது. சோடாவைப் போட்டிருந்தால் பக்கோடு தோலும் வந்திருக்கும். அந்தப் பச்சைப் புண் மேல் சடையின் கனத்தையும் ஏற்றி அவளைத் தெருவில் நடக்கவிட்டிருப்போம்.

"சோடா வேணாம். எடுத்துட்டுப் போங்க," என்றேன்.

"அப்புறம் எப்படிப் போவும்?"

"போறது போவும்."

தண்ணீரே காட்டாமல் முதலில் பயத்தம் பருப்பு மாவைத் தூவி, முடியைப் பிரித்துப் பிரித்து, மாவு எண்ணெயைக் குடிக்கும்வரை உதிர்த்தேன். தண்ணீர் பட்டால் பசை இன்னும் இறுகும். சுற்றி நின்றவர்கள் நேரத்தை வீணாக்குகிறேன் என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு காதில் விழத்தான் செய்யும். கை மட்டும் அதைக் கேட்கக்கூடாது. பிறகு வாய்க்காலிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, கஞ்சியில் கரைத்த சீயக்காயைப் போட்டு அலசினேன். உச்சியைச் சுற்றி அலசினேனே தவிர உச்சியைத் தொடவில்லை.

அஞ்சலை குனிந்து பார்த்தாள். "அந்த எடத்துல மட்டும் கறுப்பா நிக்குதே. அதையும் எடுத்துடுங்கம்மா. யாராவது பாத்தா..."

"அது அழுக்கில்ல. அத எடுத்தா ரத்தம் வரும். மேல பூ வரப்போவுது, எவன் பாக்கப்போறான்?"

வசந்தா தலையைக் குனிந்தபடியே சிரித்தாள். "விடும்மா. நான் சொமந்தது என் தலையிலயே இருக்கட்டும்."

சடை தொடங்குகிற இடத்தில் வைக்கிற ராக்கொடி வழக்கமாக உச்சிக்கு அருகில் உட்காரும். அதை நாலு விரல்கடை கீழே இறக்கினால் புண் மேல் கனம் விழாது. பின்னுகிற அம்மாள் வந்தவுடன் இதைத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். முடி வெயிலில் காய்ந்தது. எடுத்துப் பார்த்தேன். பிசுக்கு இல்லை. விரலில் பிடிக்கிற அளவுக்குச் சொரசொரப்பு இருந்தது. எனக்கே என் கையைப் பிடித்துப் பாராட்டவேண்டும் போல இருந்தது.

மதியம் ஆனது. பஸ் வரவில்லை.

பூவைக் கொண்டுவந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்தான் செய்தி சொன்னார். வெளியூர் அறுவடை ஆட்களை ஏற்றி வந்த லாரியைச் சங்கத்துக்காரர்கள் ரோட்டில் மறித்துவிட்டார்கள். போலீஸ் வந்து இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டது. அவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பு வழியாக வந்து சேர்ந்திருந்தார். "எந்த பஸ்ஸும் இன்னைக்கு வராதுங்க. கல்யாணம் நிக்காது, மாப்பிள்ளை நடந்தே வந்துடுவாரு," என்று சொல்லிப் பூவை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

பூ இருந்தது, சவுரி இருந்தது, காய்ந்த தலை இருந்தது. பின்னத் தெரிந்த கை அந்தத் தெருவில் என் கை ஒன்றுதான்.

வசந்தா என் பக்கம் திரும்பினாள். "நீங்களே பின்னுங்கக்கா."

என் கழுத்தையும் நெற்றியையும் பார்த்தாலே யாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

"ராகு காலத்துலயே தாலி கட்டிக்கப்போறேன். உங்க கை பட்டா மட்டும் என்ன ஆயிடும்? பின்னத் தெரியும்தானே?"

தெரியும். வீட்டு ஜன்னல் கம்பியில் சவுரியைக் கட்டித் தொங்கவிட்டுப் பின்னிப் பின்னி அவிழ்த்திருக்கிறேன். வேறு என்ன வேலை இருந்தது எனக்கு? அந்தப் பெண் கேட்டபோது என் விரல் நுனியெல்லாம் துடித்தது. ஆசையாக இருந்தது. அவ்வளவு ஆசை அதற்குப் பிறகு எதன் மேலும் எனக்கு வந்ததில்லை.

அஞ்சலை என் முழங்கையைப் பிடித்து வைக்கோல் போர் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது.

"கோச்சுக்காதீங்கம்மா. உங்க மனசு நோகச் சொல்லல. பெரியவரு மேடையில ஆயிரம் பேசுவாரு. பேசிட்டு வண்டி ஏறிப் போயிடுவாரு. எனக்கு இருக்கறது இந்த ஒரு பொண்ணு. மாப்பிள்ளை தலைக்கு மேல கேசு. எந்த வரப்புல எவன் நிக்கிறான்னு தெரியாம அந்தப் புள்ளை நடந்து வருது. என் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். இதுல உங்க கை வேற..." முடிக்காமல் கும்பிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. பிசுக்கெடுக்க மட்டும் இந்தக் கை ஆகும், இல்லையா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவளுடைய பயத்தை நான் நம்பினேன் என்று நினைக்காதீர்கள். என் கையில் எந்த விஷமும் இல்லை என்று அன்றைக்கும் எனக்குத் தெரியும். நான் யோசித்தது வேறு. அந்தப் பையனுக்கு ஏதாவது ஆவதற்கு எல்லாக் காரணமும் அந்த ஊரிலேயே இருந்தது. நாளைக்கு ஆகிவிட்டால், செய்தவனை விட்டுவிட்டு ஊர் என் கையைப் பிடித்துக்கொள்ளும். என்னைச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், பழகினதுதான். ஆனால் 'நீங்களே பின்னுங்க' என்று கேட்டவள் வசந்தா. 'நான்தானே கேட்டேன்' என்று அவள் ஆயுசுக்கும் தன்னையே அரித்துக்கொள்வாள். அதைவிட அவள் இப்போது என் மேல் கோபப்படட்டும்.

இது சரியா என்று கேட்டால், இன்றைக்கும் வேறு முடிவு எடுத்திருக்க மாட்டேன். சரி என்பதால் வலிக்காது என்று அர்த்தமில்லை.

"நீங்க பின்னுங்க," என்றேன் அஞ்சலையிடம். "நான் சொல்றேன். நீங்க கைய மட்டும் வைங்க."

"எனக்கு எங்கம்மா இதெல்லாம்..."

"கதிர்க்கட்டு கட்ட வைக்கோல் பிரி முறுக்கத் தெரியுமா தெரியாதா?"

"அது தெரியாம எப்படி?"

"அப்ப வாங்க."

வசந்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப மேடையில பேசறதெல்லாம் சும்மாவா?" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்.

"மேடை மேடையிலயே இருக்கட்டும். நீ திரும்பி உக்காருடி," என்றாள் அஞ்சலை.

வசந்தா திரும்பி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அஞ்சலைக்குப் பின்னால் நின்றேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன், தெரியாமல்கூட நீண்டுவிடக்கூடாது என்று. "அங்க இல்ல, இன்னும் கீழ. சவுரிய உள்ள கொடுங்க. இழுங்க. பயப்படாதீங்க, இழுங்க. இப்ப இடது பக்கம்." அஞ்சலைக்கு முதலில் முடி நழுவி நழுவிப் போனது, பிறகு பிடி கிடைத்தது. நாலு கால் பின்னல் அவளுக்கு வரவில்லை, மூன்று கால்தான் வந்தது. இரண்டு இடத்தில் கோணல். என் கண்ணுக்கு அது தெரிந்தது, பொறுத்துக்கொண்டேன். ஒரு கோணலை நேராக்கிவிடக் கை எவ்வளவு பரபரத்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. பூவைச் சுற்றி வைத்துத் தைத்து முடித்ததும் அஞ்சலை இரண்டு அடி பின்னால் வந்து பார்த்தாள். பிறகு அழுதாள். அது சந்தோஷத்தில் வந்த அழுகை.

நாலரை மணிக்கு முன்னால் கிளம்பினார்கள். எதிரே போகாமல் ஒதுங்கி நின்று, எல்லாரும் கடந்த பிறகு தள்ளிப் பின்னால் நடந்தேன். மிராசுதார் தெருவில் ஒரு வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மற்ற வீடுகளில் கதவிடுக்கில் பெண்கள் நின்றார்கள். வசந்தா அவசரப்படவில்லை. முதுகு முழுக்க மல்லியும் கனகாம்பரமும், நுனியில் குஞ்சலம் ஆடிக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நிதானமாக நடந்தாள். சடை துளி நழுவவில்லை. நான் அலசின தலையின் மேல் சடையை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவும் முதுகுப் பக்கத்திலிருந்துதான். என்னைத் தேடி அவள் திரும்பினாளா என்று தெரியாது. அந்தக் கனத்தோடு தலையைத் திருப்பவும் முடியாது.

நான் பந்தலுக்குப் போகவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலடிக்கு வரப்பு வழியாக நடந்தேன். ஒலிபெருக்கியில் பெரியவரின் பேச்சு வயல் முழுக்கக் கேட்டது. கணவனை இழந்த பெண்ணை ஒதுக்கி வைப்பது காட்டுமிராண்டித்தனம் என்று முழங்கிக்கொண்டிருந்தார். நல்ல பேச்சு. கடைசி வயல் தாண்டும் வரைக்கும் கேட்டுக்கொண்டே போனேன்.

அதற்குப் பிறகு இரண்டு மிராசுதார் வீடுகளில் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். போகட்டும்.

அடுத்த வருஷ அறுவடைக்கு முன்னால் கோவிந்தராசுவை வயலில் வைத்து வெட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பின்னுகிற அம்மாள்தான் எங்கோ கேள்விப்பட்டு வந்து சொன்னாள். போய்ப் பார்க்கவேண்டும் என்று இருந்தது. என்ன முறை சொல்லிக்கொண்டு போவது என்று தெரியாமல் போகாமலே இருந்துவிட்டேன்.

மாதங்கள் கழித்து ஒரு நாள் காலையில் அஞ்சலையும் வசந்தாவும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். என் வீட்டுக்கு அப்படித் தேடிக்கொண்டு யாரும் வந்ததில்லை. வசந்தாவின் தலையில் அவன் போன நாளிலிருந்து சீப்புப் படவில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஒரே சிக்கு. கட்டி கட்டியாகத் திரண்டிருந்தது.

"யாரையும் தொட விடமாட்டேங்கறாம்மா. மொட்டை அடிச்சிடலாம்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. அதுக்கும் ஒத்துக்கல. உங்ககிட்டன்னா வரேன்னா," என்றாள் அஞ்சலை.

கொல்லையில் உட்காரவைத்தேன். வெட்டி எறிவது சுலபம். நுனியிலிருந்து விரலாலேயே பிரித்தேன். பொழுது சாயும்வரை ஆனது. வசந்தா இமைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலசி முடித்துத் துவட்டும்போது, ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த அஞ்சலை திடீரென்று பேசினாள்.

"அன்னைக்கு உங்க கையே பட்டிருக்கலாம்மா."

நான் துவட்டுவதை நிறுத்தினேன்.

"உங்க கை பட்டிருந்தா உங்களையாச்சும் திட்டித் தீத்துக்கிட்டு இருந்திருப்பேன். சுமங்கலியும் இல்லாத என் கைய, பெத்தவ கைன்னு நம்பி வச்சேன். இப்ப யாரத் திட்டறதுன்னு தெரியல. ராவும் பகலும் இந்தக் கையத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

என்னைக் குத்திவிட்டது அது. அவளும் என்னைப் போலத்தான் என்பதை அன்றைக்கு வைக்கோல் போர் ஓரத்தில் அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பெற்றவள் என்றதும் இரண்டு பேருக்கும் மற்றது மறந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். காய்ப்பு ஏறின, சூடான கை. "வெட்டினவன் கை வேறக்கா. உங்க கை இல்ல," என்றேன். அவள் தலையை ஆட்டினாள், நம்பின மாதிரி தெரியவில்லை.

"பின்னி விடுங்க," என்றாள் அஞ்சலையே, மகளின் தலையைக் காட்டி. "இனிமே யார் கை பட்டா என்ன."

என் கை எழவில்லை. எவ்வளவு காலமாக ஆசைப்பட்ட வேலை! அது என்னிடம் வந்து சேர்ந்த விதத்தைப் பாருங்கள். சீப்பை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

வந்ததிலிருந்து வாய் திறக்காத வசந்தா அப்போதுதான் பேசினாள்.

"நாளைக்குக் கோர்ட்டுல சாட்சி சொல்லணும்க்கா. அவனுங்க எதிர்ல நிப்பானுங்க. தலையை விரிச்சிப் போட்டுக்கிட்டு அழுதுக்கிட்டு வருவேன்னு பாத்துக்கிட்டு இருப்பானுங்க."

பின்னினேன். பூ இல்லை, சவுரி இல்லை, வெறும் முடி. அடுத்தவர் தலையில் நான் போட்ட முதல் சடை அது. பாதி பின்னும்போது அவள் தோள் லேசாக நடுங்கியது. இழுத்துவிட்டேனோ என்று கையைத் தளர்த்தி, "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"அது கெடக்குது. இன்னும் இழுத்துப் பின்னுங்க," என்றாள்.